சுறாப் பல்லின் வரலாறு: காரைக் களிமண் முதல் கருவியல் ஆய்வகம் வரை

சுறாவின் உடலில் எலும்பு கிடையாது. மண்டையோடு, தாடை, முதுகுத்தண்டு எல்லாம் குருத்தெலும்பால் ஆனவை. சுறா இறந்து கடலடியில் விழுந்ததும் அந்தக் குருத்தெலும்பு அழுகிச் சிதைந்துவிடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்துப் பாறையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் பல் மட்டுமே. ஆகவே, அழிந்துபோன சுறா இனங்களைப் பற்றி மனிதர் அறிந்தவற்றில் பெரும்பகுதி பல்லை வைத்து எழுதப்பட்டதே ஆகும்.

பல்லை மட்டும் பார்த்து ஓர் உயிரினத்தின் குலத்தைச் சொல்லிவிட முடியுமா? 350 ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் விடை தேடி வரும் கேள்வி இது. இதன் வரலாற்றில் தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கும் பாண்டிச்சேரிக்கும் ஓர் இடம் உண்டு.

நாக்குக் கல்

ஐரோப்பாவில், குறிப்பாக மால்ட்டா தீவில், பாறைகளிலிருந்து முக்கோண வடிவக் கற்கள் கிடைத்து வந்தன. மக்கள் அவற்றை நாக்குக் கற்கள் என்று அழைத்தார்கள். சந்திர கிரகணத்தின்போது வானிலிருந்து விழுந்தவை என்று பண்டைய ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்தார். நஞ்சை முறிக்கும் என்று நம்பி அவற்றைத் தாயத்தாக அணிந்தவர்களும் இருந்தார்கள்.

அவை கல் அல்ல, சுறாவின் பல் என்று 1616இல் இத்தாலியரான ஃபாபியோ கொலோன்னா எடுத்துக்காட்டினார். 1666இல் லிவோர்னோ அருகே ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலை ஃபிளாரன்ஸ் நகரிலிருந்த டென்மார்க் நாட்டு மருத்துவர் நிக்கோலஸ் ஸ்டெனோவிடம் அனுப்பப்பட்டது. அதை அறுத்துப் பார்த்த அவர், வாயில் இருந்த பற்களும் நாக்குக் கற்களும் ஒரே அமைப்புடையவை என்று 1667இல் எழுதினார். கடல் உயிரின் பல் மலைப்பாறைக்குள் இருக்கிறது என்றால், அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்திருக்க வேண்டும். இந்தச் சிந்தனையைத் தொடர்ந்தே, கீழுள்ள பாறை அடுக்கு முந்தையது, மேலுள்ளது பிந்தையது என்ற விதியை அவர் 1669இல் வகுத்தார். நிலவியல் என்ற துறையின் அடித்தளங்களில் ஒன்று இவ்வாறு ஒரு சுறாவின் வாயிலிருந்து கிடைத்தது.

தென்னிந்தியக் கடலடி

1840ஆம் ஆண்டு வாக்கில், சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் புதைபடிவங்களைத் திரட்டினார்கள். அந்தத் தொகுப்பு லண்டன் நிலவியல் கழகத்துக்குச் சென்றது. சிப்பி, நத்தை வகைகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் விவரித்தார். மீன் எச்சங்களை ஆராய்ந்த சர் பிலிப் எகர்ட்டன் 1845இல் தம் கட்டுரையை வெளியிட்டார். அவற்றில் சுறாப் பற்களும் இருந்தன. தமிழ் மண்ணில் கிடைத்த சுறாப் பல் அறிவியல் ஏட்டில் ஏறியதன் தொடக்கம் இதுவே எனலாம்.

எகர்ட்டனுக்கு அளவுகோலாக இருந்தவை சுவிட்சர்லாந்து அறிஞர் லூயி அகாசியின் நூல்கள். 1833 முதல் 1843 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அகாசியின் பெருநூல், புதைபடிவ மீன்களை வகைப்படுத்தியது. உடல் கிடைக்காத சுறாக்களுக்குப் பல்லின் வடிவத்தை மட்டும் வைத்து அவர் பெயர் சூட்டினார். இன்று திரைப்படங்களால் பலரும் அறிந்த மெகலோடான் என்ற பெயர் அவர் வைத்ததே. ஆனால் அகாசி, உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றின என்பதைக் கடைசி வரை ஏற்கவில்லை. 1859இல் டார்வினின் நூல் வெளிவந்த பிறகும் அவர் தம் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் அடுக்கி வைத்த பற்களே பின்னாளில் பரிணாமத்துக்குச் சான்றாயின.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பகுதிப் பாறைகளை நடந்து அளந்து, 1862இல் அறிக்கை வெளியிட்டார். கீழிருந்து மேலாக ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்று மூன்றாகப் பிரித்தார். பாடநூல்களில் இன்றும் இந்தப் பெயர்கள் வழங்குகின்றன. ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா இங்குள்ள சிப்பியினங்களைப் பல தொகுதிகளில் விவரித்தார். 1879இல் ரிச்சர்டு லைடெக்கர், இப்பகுதியில் கிடைத்த முள்ளெலும்புகளை வைத்து இக்தியோசாரஸ் என்ற கடல் ஊர்வனவற்றில் ஓர் இனத்துக்கு இந்தியாவின் பெயரைச் சூட்டினார்.

சுண்ணாம்புக்கல் இருக்கும் இடமெல்லாம் இத்தகைய எச்சங்கள் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. விருதுநகர் மாவட்டத்தில் ஆலங்குளத்திலும் பந்தல்குடியிலும் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. அரியலூரிலும் வெட்டப்படுகிறது. இரண்டும் சிமெண்ட் ஆலைக்கே போகின்றன. ஆனால் விருதுநகர்க் கல் மிகப் பழமையானது. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் படிகமாகிவிட்ட கல் அது. அதில் பல்லோ சிப்பியோ தேடிப் பயனில்லை. அரியலூர்க் கல்லோ கிரிட்டேசியஸ் காலக் கடலில் படிந்து, பெரிய மாற்றம் இல்லாமல் இருப்பது.

பல் எப்படி முளைக்கிறது?

மனிதனின் பல் தாடை எலும்பின் குழியில் ஊன்றி நிற்கிறது. சுறாவின் பல் அவ்வாறு ஊன்றுவதில்லை. தாடைக் குருத்தெலும்பின் மேல் உள்ள தடித்த இணைப்புத் திசுவில் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. எனவே எளிதில் விழும். விழுந்த இடத்துக்குப் பின்னாலிருந்து அடுத்த பல் வரும்.

இந்தப் பற்கள் உருவாகும் இடம் தாடையின் உட்புறத்தில் உள்ளது. அங்கே வாயின் மேல்தோல், மடிப்பாக உள்நோக்கி இறங்கி ஒரு மெல்லிய தகடாகிறது. இதைப் பல்லாக்கத் தகடு எனலாம். படிநிலைகள் பின்வருமாறு:

முதலில் தகட்டின் நுனியில் மேல்தோல் செல்கள் தடித்து ஒரு மொட்டுப்போல் ஆகின்றன. அதன் கீழே அடித்திசுச் செல்கள் கூடுகின்றன. இந்த அடித்திசுச் செல்கள், கருவில் நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து புறப்பட்டு வரும் நரம்பு முகட்டுச் செல்களின் வழியில் வந்தவை. இரு அடுக்குகளும் ஒன்றுக்கொன்று வேதிச் சைகைகளை அனுப்பிக்கொள்கின்றன. மொட்டு மடிந்து, வரப்போகும் பல்லின் வடிவத்தைப் பெறுகிறது. கூர்முனை முதலில் கடினமாகிறது. பிறகு பல்லின் உடல். வேர் கடைசியில்தான் உருவாகிறது. இதற்குள் அடுத்த மொட்டு பின்னால் தொடங்கிவிடும்.

சிவகாசி, சாத்தூர்ப் பகுதித் தீப்பெட்டித் தொழிலில், குச்சிகளைச் சட்டங்களில் வரிசை வரிசையாக அடுக்கி மருந்தில் முக்குவார்கள். ஒரு சட்டம் முன்னே போகும்போது அடுத்த சட்டம் அடுக்கித் தயாராக இருக்கும். சுறாவின் தாடையும் ஏறக்குறைய அப்படித்தான். வெளி விளிம்பில் நிமிர்ந்து நிற்பது வேலை செய்யும் வரிசை. உள்ளே படுத்த நிலையில் பல வரிசைகள் காத்திருக்கும். ஒரு வேறுபாடு என்னவென்றால், காத்திருக்கும் பற்கள் முழுமையானவை அல்ல. உள்ளே செல்லச் செல்ல அவை வளர்ச்சியின் முந்தைய நிலைகளில் இருக்கும். ஆகவே ஒரு சுறாவின் தாடையை உள்ளிருந்து வெளியே பார்த்தால், ஒரு பல்லின் முழு வாழ்க்கையையும் ஒரே நேரத்தில் காணலாம்.

மாற்றத்தின் வேகம் இனத்துக்கு இனம் வேறுபடும். எலுமிச்சைச் சுறாவின் குட்டிகளில் ஒரு வரிசை சுமார் 8 நாளில் மாறுகிறது. செவிலிச் சுறாவில் கோடையில் 9 முதல் 21 நாளும், நீர் குளிர்ந்த மாதங்களில் 51 முதல் 70 நாளும் ஆகின்றன. வாழ்நாள் முழுவதும் ஒரு சுறா பல ஆயிரம் பற்களை உதிர்க்கிறது. புதைபடிவங்களில் சுறாப் பல் இவ்வளவு மிகுதியாகக் கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வேதியியல் சார்ந்தது. பல்லின் உள்ளே டென்டைன், வெளியே எனாமலாய்டு என்ற கடினப் பூச்சு. இப்பூச்சில் ஃபுளூரின் கலந்த கால்சியம் பாஸ்பேட் உள்ளது. இது நீரில் எளிதில் கரையாது. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் சிவப்பு வடிவில் இருக்கும் அதே பாஸ்பரஸ் தனிமம், ஆக்சிஜனோடும் கால்சியத்தோடும் சேர்ந்து பல்லில் கல்லாக நிற்கிறது. சுறாவின் எனாமலாய்டு நம் எனாமலுக்கு முற்றிலும் சமமானதன்று. நம் எனாமலை மேல்தோல் செல்கள் மட்டும் சுரக்கின்றன. எனாமலாய்டை மேல்தோலும் அடித்திசுவும் சேர்ந்து உருவாக்குகின்றன.

செதிலும் பல்லும்

சுறாத் தோலைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். எதிர்த்திசையில் தடவினால் உப்புத்தாள்போல் அறுக்கும். பள்ளி விலங்கியலில் நாம் படிக்கும் பிளக்காய்டு செதில்களே இதற்குக் காரணம். ஒரு செதிலை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் கூழ்க்குழி, அதைச் சுற்றி டென்டைன், மேலே எனாமலாய்டு. அதாவது, தோல் முழுவதும் குட்டிக் குட்டிப் பற்கள்.

இந்த ஒற்றுமையை 1849இல் வில்லியம் வில்லியம்சனும், 1874இல் ஜெர்மனியின் ஆஸ்கர் ஹெர்ட்விக்கும் விரிவாக ஆராய்ந்தார்கள். தோல் செதில்கள் வாய்க்குள் நகர்ந்து பல்லாக மாறின என்ற கருத்து இதிலிருந்து வளர்ந்தது. இதை 'வெளியிலிருந்து உள்ளே' கொள்கை எனலாம். 1990களில் இதற்கு எதிராக மற்றொரு கொள்கை எழுந்தது. தாடையில்லாத பழைய மீன்களின் தொண்டைக்குள் இருந்த பற்போன்ற அமைப்புகளே முதலில் தோன்றின. அவையே பின்னர்த் தாடைக்கு வந்தன என்றது அது. கோனோடோன்ட் என்ற பழைய உயிரினத்தின் பற்போன்ற உறுப்புகள் அதற்கு முக்கியச் சான்றாகக் காட்டப்பட்டன. அவை தனியாகத் தோன்றியவை, நம் பற்களுக்கு மூலமல்ல என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியதும் அக்கொள்கை வலுவிழந்தது.

2017இல், திருக்கை இனம் ஒன்றின் கருவில் செல்களுக்கு வண்ணக்குறி இட்டுப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், உடற்செதில்களும் நரம்பு முகட்டுச் செல்களிலிருந்தே வருகின்றன என்று கண்டார்கள். பல்லும் செதிலும் ஒரே மூலச் செல்லிலிருந்து வருவது இதனால் உறுதியாயிற்று. 2025இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஏறத்தாழ 46 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாடையில்லா மீன்களின் வெளிக்கவசத்திலேயே டென்டைன் இருந்ததையும், அது தொடு உணர்வுக்குப் பயன்பட்டிருக்கலாம் என்பதையும் எடுத்துரைத்தது. ஐஸ் நீர் பட்டால் நம் பல் கூசுவது அந்தப் பழைய உணர்வின் தொடர்ச்சியாக இருக்கலாம்.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. செதில்கள் தோலில் ஒவ்வொன்றாகத் தனித்தனியே முளைப்பவை. அவற்றுக்குப் பின்னால் காத்திருக்கும் வரிசை இல்லை. பல்லுக்கு மட்டுமே பல்லாக்கத் தகடு உண்டு என்பதே பொதுவான கருத்தாக இருந்தது. 2025இல் இதற்கு வியப்பான ஒரு விலக்கு தெரியவந்தது. சுறாவின் தூரத்து உறவான கைமீரா மீன்களில் ஆணின் நெற்றியில் ஒரு சிறு கொக்கி இருக்கும்; இனச்சேர்க்கையின்போது பெண்ணைப் பற்றிக்கொள்ள அது உதவும். அந்தக் கொக்கியில் உள்ள முட்கள் செதில்கள் அல்ல. பல்லாக்கத் தகட்டிலிருந்து முளைக்கும் உண்மையான பற்கள் என்று தெரிந்தது. பல் வாய்க்குள் மட்டும்தான் இருக்கும் என்ற எண்ணமும் இதனால் தளர்ந்தது.

பரதவர் நட்ட கொம்பு

சங்க இலக்கியமான பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி வருகிறது. சுறாவுக்குக் கொம்பு ஏது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இரு பக்கமும் முள் வரிசையுள்ள வாள் போன்ற நீண்ட மூக்குடைய வேளா மீனை இது குறிக்கலாம் என்பது பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

வேளாவின் வாளில் உள்ள முட்கள் பற்கள் அல்ல. அவை மாறுபட்ட செதில்களே. அவை குழியில் பதிந்து அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். ஒன்று வேரோடு போனால் மீண்டும் முளைப்பதில்லை. ஆஸ்திரேலியா, ஜப்பான் கடல்களில் வாள்சுறா என்ற வேறொரு மீன் உண்டு. அதற்கும் இதே போன்ற வாள் மூக்கு. ஆனால் அதன் முட்கள் விழுந்தால் புதியவை முளைக்கும். வேளாவின் செவுள் பிளவுகள் திருக்கைக்கு இருப்பதுபோல் அடிப்புறத்தில் உள்ளன; வாள்சுறாவுக்குப் பக்கவாட்டில் உள்ளன.

உடலமைப்பை மட்டும் வைத்து, திருக்கைகளும் வேளாவும் வாள்சுறாவுக்கு நெருங்கிய உறவு என்று 1990களில் சிலர் வாதிட்டார்கள். மரபணு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. திருக்கை, வேளா எல்லாம் ஒரு கிளை. சுறாக்கள் அனைத்தும் மற்றொரு கிளை. வாள் மூக்கு இரு கிளைகளிலும் தனித்தனியே தோன்றியது. 10ஆம் வகுப்புப் பாடத்தில் வரும் அமைப்பொத்த உறுப்பு, செயலொத்த உறுப்பு என்ற வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. இன்று வேளா இனங்கள் அருகிவிட்டன. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அவை உள்ளன.

பல் ஏமாற்றும் இடங்கள்

பல்லின் வடிவம் முதலில் சொல்வது உணவைப் பற்றி. வழுக்கும் மீனைப் பிடிக்க ஊசிப் பல், சதையை அறுக்க ரம்பப் பல், ஓட்டை நொறுக்கத் தட்டைப் பல். ஒரே உணவை உண்ணும் இரு வேறு குலத்தவர் ஒரே மாதிரிப் பல்லைப் பெறக்கூடும். ஒரே சீருடை அணிந்த மாணவர்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட மாட்டார்கள் அல்லவா?

ஒரே மீனின் வாயிலும் பற்கள் வேறுபடும். ஆறு செவுள் பிளவுடைய சுறாவின் கீழ்த்தாடைப் பல் சீப்புப்போல் இருக்கும். மேல்தாடைப் பல் கூர்முனையாக இருக்கும். தனித்தனியே கிடைத்தால் இரண்டு இனங்கள் என்று எண்ணத் தோன்றும். அட்லாண்டிக் கடலின் ஒரு திருக்கை இனத்தில், ஆணின் தட்டைப் பற்கள் இனச்சேர்க்கைக் காலத்தில் மட்டும் கூர்மையான பற்களாக மாறுகின்றன.

மெகலோடானின் கதை இதற்குப் பெரிய சான்று. அதன் பல்லின் விளிம்பும், இன்றைய வெள்ளைச் சுறாவின் பல்லின் விளிம்பும் ரம்பம் போன்றவை. எனவே அகாசி இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்தார். வெள்ளைச் சுறா மெகலோடானின் வாரிசு என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1988இல் பெரு நாட்டில் 222 பற்களும் முதுகுத்தண்டின் ஒரு பகுதியும் ஒன்றாக இருந்த ஒரு புதைபடிவம் கிடைத்தது. அதன் வயது சுமார் 65 லட்சம் ஆண்டுகள். ரம்பம் இல்லாத பல்லுக்கும் முழு ரம்பம் உள்ள வெள்ளைச் சுறாப் பல்லுக்கும் இடைப்பட்ட நிலையில், மெல்லிய ரம்பத்தோடு அதன் பற்கள் இருந்தன. 2012இல் அதற்குக் கார்கரோடான் ஹப்பெல்லி என்று பெயரிடப்பட்டது. வெள்ளைச் சுறா ரம்பமற்ற வேறொரு வழியில் வந்தது. மெகலோடான் ஓட்டோடஸ் என்ற தனி வழியில் வந்தது. ரம்பம் இரு வழிகளிலும் தனித்தனியே தோன்றியது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

இதனால் ஆய்வாளர்கள் வடிவத்தோடு நிற்பதில்லை. பல்லை வெட்டி உள்ளமைப்பைப் பார்க்கிறார்கள். வெள்ளைச் சுறா சேர்ந்த வரிசையில் பெரும்பாலும் பல்லின் உட்புறம் எலும்புபோன்ற டென்டைனால் நிரம்பியிருக்கும். பால்சுறா போன்றவை சேர்ந்த வரிசையில் பெரும்பாலும் நடுவே கூழ்க்குழி திறந்திருக்கும். வேரின் அமைப்பையும் எனாமலாய்டின் அடுக்குகளையும்கூட ஒப்பிடுகிறார்கள். உணவுக்கேற்ப விரைவில் மாறாத பண்புகளே உறவைச் சொல்லத் தகுந்தவை.

காரையில் கிடைத்தவை

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, குளக்காநத்தம் ஊர்களுக்கு இடையே, செடிகொடி குறைந்த, மழை அரித்த செம்மண் நிறக் களிமேடுகள் பரந்து கிடக்கின்றன. இது ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த காரைப் படிவம். களிமண்ணில் ஜிப்சம் நரம்புகளும் பாஸ்பேட் முடிச்சுகளும் உண்டு. சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகளும், தோட்டா வடிவ பெலெம்னைட்டுகளும் இங்குப் பெயர்பெற்றவை. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், அண்டார்டிகாவை விட்டு விலகிய இந்தியத் துண்டின் கிழக்கு விளிம்பில் இருந்த கடல் இது.

2011இல் சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி. வி. ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃபிளின் ஆகியோர் காரைப் படிவத்தின் கடல்வாழ் முதுகெலும்பிகளைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இரு புதிய சுறா இனங்கள் பெயரிடப்பட்டன. ஒன்று கிளாடியோசெராட்டஸ் மேக்னஸ். இது சீப்புப் பல்லுடைய ஆறு, ஏழு செவுள் சுறாக்களின் உறவு. மற்றொன்று டுவார்டியஸ் சுதிந்திகஸ். இனப் பெயரிலேயே தென்னிந்தியா இருக்கிறது. இது வெள்ளைச் சுறா சேர்ந்த வரிசையில் அழிந்துபோன ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. டுவார்டியஸ் பேரினத்தின் பற்கள் ஐரோப்பாவிலும் கிடைத்துள்ளன. அக்காலக் கடல்களுக்கு இடையே பெருஞ்சுறாக்கள் நெடுந்தொலைவு சென்று வந்தன என்பதை இத்தகைய பற்கள் உணர்த்துகின்றன.

2012இல் வர்மா, பிரசாத், கோஸ்வாமி குழுவினர் காரைப் படிவத்திலிருந்து டைக்கோடஸ் டெக்கரன்ஸ் என்ற இனத்தின் பல்லைப் பதிவு செய்தார்கள். டைக்கோடஸ் என்ற பெயரும் அகாசி 1830களில் வைத்ததே. இதன் பல் சதுரமாக, மேலே வரிவரியான மேடுகளோடு, அம்மிக்கல் கொத்தியதுபோல் இருக்கும். ஓட்டை நொறுக்குவதற்கான பல் என்பது பார்த்தவுடன் புரியும். ஆனால் இது எந்தக் குலம்? திருக்கை என்றார்கள். அழிந்துபோன ஹைபோடான்ட் சுறா என்றார்கள். கடலடியில் மெதுவாக நகர்ந்து சிப்பி தின்ற மீன் என்று படமும் வரைந்தார்கள். ஏறக்குறைய 190 ஆண்டுகள் இந்தக் கேள்வி முடிவின்றி இருந்தது.

2024இல் விடை மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கே வாயெசியோ என்ற இடத்துச் சுண்ணாம்புக்கல்லில், உடலின் வெளிக்கோடு கூடத் தெரியும் முழு டைக்கோடஸ் புதைபடிவங்கள் கிடைத்தன. ரோமன் வுல்லோ தலைமையிலான குழு அவற்றை ஆராய்ந்து, இது வெள்ளைச் சுறா சேர்ந்த லாம்னிஃபார்ம் வரிசையைச் சேர்ந்தது என்றும், வேகமாக நீந்தும் உடலமைப்பு உடையது என்றும் காட்டியது. கடலடியில் ஊர்ந்து சிப்பி தேடியதன்று. நீரில் நீந்தும் அம்மோனைட்டுகளையும் கடலாமைகளையும் வேட்டையாடியிருக்கலாம் என்றது அந்த ஆய்வு. காரைக் களிமண்ணில் டைக்கோடஸ் பல்லும் அம்மோனைட் ஓடும் ஒரே படிவத்தில் கிடைப்பதை இப்போது புதிய பொருளோடு பார்க்க முடிகிறது.

இந்த நிகழ்வில் பல் பொய் சொல்லவில்லை. ஓடு நொறுக்கும் மீன் என்று அது சரியாகவே சொன்னது. அதைக் குலத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டதில்தான் தவறு நேர்ந்தது.

சுறாவும் நாமும்

பல்லின் மிக ஆழமான உறவுக்கதை வடிவத்தில் இல்லை, வளர்ச்சி முறையில் இருக்கிறது. 2016இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரத் ஃபிரேசர் குழுவினர் பூனைச்சுறாவின் கருக்களை ஆராய்ந்தார்கள். சுறாவின் பல்லைத் தொடங்கி வைக்கும் மரபணுக்கள், எலியிலும் மனிதனிலும் பல்லைத் தொடங்கி வைக்கும் மரபணுக்களோடு பெரிதும் ஒத்திருந்தன. சாக்ஸ்2 என்ற மரபணு செயல்படும் மூலச் செல்கள், சுறாவின் வாயில் சுவை மொட்டுகளையும் பல்லாக்கத் தகட்டையும் இணைக்கின்றன என்றும் அவர்கள் கண்டார்கள்.

அப்படியானால் சுறாவுக்கு ஆயிரக்கணக்கில் முளைக்கும் பல், நமக்கு ஏன் இரண்டு முறையோடு நின்றுவிடுகிறது? நமக்கும் கருவில் பல்லாக்கத் தகடு உண்டு. ஆனால் நிலைப்பற்களுக்கான மொட்டுகளை உருவாக்கியபின் அது துண்டு துண்டாகி மறைந்துவிடுகிறது. சுறாவில் அது வாழ்நாள் முழுதும் இயங்குகிறது. விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. நல்ல பல் முளைக்க வேண்டும் என்பது அதன் வேண்டுதல். அந்த வேண்டுதலுக்கு உடல் ஒரே ஒரு முறைதான் செவிசாய்க்கிறது.

இந்த வரிசைமுறை எவ்வளவு பழமையானது? 2022இல் சீனாவின் குய்சோ மாகாணத்திலிருந்து கியானோடஸ் என்ற மீனின் பல் சுருள்கள் விவரிக்கப்பட்டன. வயது 43.9 கோடி ஆண்டுகள். சில மில்லிமீட்டர் அளவே உள்ள அந்தச் சுருளில் பற்கள் இரு வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வந்திருந்தன. மனிதரும் சுறாவும் ஒரு பொது முன்னோரிடமிருந்து பிரிந்த காலத்தை ஒட்டியது இது. பல்லை மாற்றும் கலை சுறா புதிதாகக் கண்டுபிடித்ததன்று, பழைய சொத்து. அதை அது காப்பாற்றிக்கொண்டது. பாலூட்டிகள் பெரும்பகுதியை இழந்துவிட்டன.

இடம் இழந்த பல்

ஒரு பல் அறிவியல் சான்றாக வேண்டுமானால், அது எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பது தெரிய வேண்டும். பையில் போட்டு எடுத்துவந்த பல் அழகான பொருள். ஆனால் அதன் வயதையும் சூழலையும் உறுதியாகச் சொல்ல வழியில்லை. எகர்ட்டன் 1845இல் பாண்டிச்சேரிப் பற்களைப் பற்றி எழுத முடிந்தது, அவை எங்கே எடுக்கப்பட்டன என்று கேயும் கன்லிஃபும் குறித்து வைத்ததால்தான்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை காரைக் களிமேடுகளைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. கல்லாக மாறிய மரம் கிடக்கும் சாத்தனூரும் அதே மாவட்டத்தில் அதே பட்டியலில் உள்ளது. அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைக்கப்பட்டிருக்கிறது. நிலவியல் மரபிடங்களைப் பாதுகாக்கும் சட்ட வரைவு ஒன்றை மத்திய அரசு 2022 டிசம்பரில் கருத்துக்கு வெளியிட்டது.

அரியலூரின் சுண்ணாம்புச் சுரங்கங்கள் இரு முகம் கொண்டவை. வெட்டும்போது புதைபடிவங்கள் வெளிப்படுகின்றன. வெட்டியது ஆலைக்குள் போனதும் மறைந்துவிடுகின்றன. சிமெண்டும் வேண்டும், வேலையும் வேண்டும். அதே வேளையில், வெட்டும் முன் ஓர் அடுக்கைப் பதிவு செய்து மாதிரி எடுத்து வைப்பது பெரிய செலவன்று. காரைக்கோ அரியலூருக்கோ சுற்றுலா செல்லும் மாணவர்கள், கண்ணில் படும் பல்லையோ சிப்பியையோ பறித்து எடுக்காமல், இருந்த இடத்திலேயே பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருங்காட்சியகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரி நிலவியல் துறைக்கோ தெரிவிப்பது நல்லது.

டைக்கோடஸின் குலம் தெரிய 190 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலமும் அந்தப் பற்கள் கிடைத்த இடக் குறிப்போடு அருங்காட்சியகப் பெட்டிகளில் காத்திருந்தன. காரையில் இன்னும் மண்ணுக்குள் இருக்கும் பற்களில் எது எந்தக் கேள்விக்கு விடை என்பது, அவை கிடந்த இடத்தோடு சேர்த்துக் காக்கப்பட்டால்தான் ஒருநாள் தெரியவரும்.